7. சிடி, விசிடி, டிவிடி: தொடுவது, நகலெடுப்பது, துடைப்பது

தம்பின் வட்டாரத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயத்தைக் காலி செய்துவிட்டுத் தாமானுக்குக் குடிவந்த குடும்பமா உங்களுடையது? அப்படியானால் டிவி அலமாரியின் கீழ்த்தட்டிலோ கட்டிலடிப் பெட்டியிலோ ஒரு சிடிக் குவியல் இருக்கும். அக்காவின் கல்யாணம் இரண்டு தட்டு, தோட்டத்து மாரியம்மன் கோவில் தீமிதி ஒரு தட்டு, தமிழ்ப்பள்ளி ஆண்டு விழா, ஸ்டூடியோக்காரர் படங்களைப் போட்டுத் தந்த சிடி, சயாம் மரண ரயிலுக்குப் போய் உயிரோடு திரும்பிய பாட்டனாரைப் பேரன் உட்காரவைத்துப் பேசச் சொன்ன பதிவு. கூடவே பசார் மாலத்தில் வாங்கிய பட விசிடிகள்.

அந்தக் குவியலில் கைவைக்கப் போகிறவருக்கானது இந்த அத்தியாயம். இதில் முக்கியமானது வேலையின் வரிசை. முதலில் பார்க்க வேண்டும், பிறகு தூசை ஊத வேண்டும், பிறகு ஓட்டிப் பார்க்க வேண்டும், ஓடினால் அப்போதே நகலெடுக்க வேண்டும். துடைப்பது கடைசி வேலை. அதுவும் ஓடாத தட்டுக்கு மட்டும். நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. தட்டை எடுத்ததும் கைலி நுனியால் வட்டமாக நாலு தேய், பிறகு பிளேயரில் போடு! ஓடிக்கொண்டிருந்த தட்டுகூட அதற்கப்புறம் சிக்கிச் சிக்கி நிற்கும்.

முதலில் இரண்டு குவியல்

எல்லாத் தட்டுக்கும் ஒரே உழைப்பைக் கொடுத்தால் பாதியில் அலுத்துப்போய்விடும். எனவே முதல் நாள் தட்டுகளைப் பிரிக்க மட்டும் செய்யுங்கள்.

1. வேறு எங்கும் கிடைக்காதவை: கல்யாணம், கோவில் திருவிழா, பள்ளி விழா, குடும்பப் படங்கள், பேட்டிகள். பெரும்பாலும் இவை அடிப்பக்கம் பச்சை, நீலம் அல்லது ஊதா சாயலோடு இருக்கும். வீட்டிலோ கடையிலோ எழுதிய தட்டுகள் இவைதான்.
2. வெளியே கிடைப்பவை: ரஜினி படங்கள், பக்திப் பாடல்கள், யோகி பி – நட்சத்திரா குழுவின் 2006 'வல்லவன்' போன்ற இசைத்தட்டுகள். அடிப்பக்கம் பளிச்சென்ற வெள்ளி நிறம். ஆலையில் அச்சிட்டவை; ஆயுள் அதிகம்.

முதல் குவியலை முடிக்கும்வரை இரண்டாவதைத் தொடாதீர்கள். ஆசை இரண்டாவதன்மேல்தான் போகும், அது தெரிந்ததே.

குறிப்பு: கல்யாண விசிடியில் சாப்பாட்டுப் பந்தியும் மொய் எழுதுவதும் வரும்போது வேகமாக ஓட்டிவிடுவது வழக்கம். இப்போது அந்தப் பகுதியை நிறுத்திப் பாருங்கள். பின்னணியில் லயத்து வாசல், ஸ்டோர், பால் கொட்டகை, ஆபீஸ் வளைவு, அந்தப் பெரிய மாமரம் எல்லாம் இருக்கும். இடித்துவிட்ட லயத்தைக் காட்டும் ஒரே படம் அதுவாக இருக்கலாம். 'நம்ம வீட்டு விசேஷம்தானே' என்று எந்தத் தட்டையும் இரண்டாம் குவியலில் போட்டுவிட வேண்டாம்.

தெரிந்துகொள்ள வேண்டிய கொஞ்சம்

தட்டு 12 செ.மீ. அகலம், 1.2 மி.மீ. தடிமன் கொண்ட பாலிகார்பனேட் பிளாஸ்டிக். லேசர் படிக்கும் எழுத்து, அதாவது பதிவு, எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. சிடியிலும் விசிடியிலும் அது அடிப்பக்கம் இல்லை. பெயர் அச்சிட்ட மேல்பக்கத்தில், மெல்லிய அரக்குப் பூச்சுக்கும் மைக்கும் கீழே இருக்கிறது. அடிப்பக்கத்துக் கீறலை மெருகேற்றிச் சரிசெய்ய வழி உண்டு. மேல்பக்கத்துக் கீறல் எழுத்தையே சுரண்டி எடுத்துவிடும்; அதற்கு வைத்தியம் இல்லை. பளபளக்கும் பக்கத்தைப் பொத்திப் பொத்திப் பாதுகாத்துவிட்டு, பெயர்ப்பக்கத்தை மேசையில் தேய்த்து வைப்பதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு.

டிவிடியில் 0.6 மி.மீ. தடிமனுள்ள இரண்டு தட்டுகளை ஒட்டி, எழுத்தை நடுவில் வைத்திருக்கிறார்கள். கீறலை அது தாங்கும். வளைத்தால் ஒட்டு விடும். புளூ-ரேயில் எழுத்து அடிப்பக்கத்தில் 0.1 மி.மீ. ஆழத்திலேயே இருப்பதால் அதை மெருகேற்றவே கூடாது.

வெயிலையும் ஈரத்தையும் பற்றி ஒரு பத்தி. அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்பக் கழகம் 2003-இல் பிரெட் பையர்ஸ் எழுதிய கையேடு ஒன்றை வெளியிட்டது. தட்டுகளை நீண்டநாள் வைக்க 4 முதல் 20 டிகிரி வெப்பமும் 20 முதல் 50 விழுக்காடு ஈரப்பதமும் வேண்டும் என்கிறது அது. தம்பினில் பகல் வெப்பம் சர்வசாதாரணமாக 32 டிகிரியைத் தொடும், விடியற்காலை ஈரப்பதம் 90-ஐத் தாண்டும். மத்திய அமெரிக்காவில் இதே மாதிரி சூடும் ஈரமும் உள்ள பெலீஸ் நாட்டிலிருந்து வந்த ஒரு சிடியில், பூசணம் விளிம்பு வழியாக உள்ளே நுழைந்து அலுமினியத்தையும் பிளாஸ்டிக்கையும் தின்றிருந்ததை ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2001-இல் கண்டுபிடித்தார்கள். வீட்டு வெப்பத்தை நம்மால் குறைக்க முடியாது. ஈரத்தைக் குறைக்க முடியும். அதற்கு ஒரு மூடிபோட்ட பெட்டி போதும். பின்னால் வருகிறது.

கையில் எடுப்பது

1. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக உலர்த்துங்கள். முகப்பவுடர், தைலம், தேங்காய் எண்ணெய் பட்ட விரல் வேண்டாம்.
2. மேசையில் சுத்தமான பருத்தித் துணி விரியுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள்.
3. உறையின் நடுக் குமிழைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே, மறுகையால் தட்டின் விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள். குமிழை அழுத்தாமல் விளிம்பை மட்டும் இழுத்தால் தட்டு வில்லாக வளையும். நடுத்துளையைச் சுற்றித் தெரியும் மயிரிழை வெடிப்புகள் பலவும் இப்படி வந்தவைதான்.
4. சுட்டுவிரலை நடுத்துளையிலும் கட்டைவிரலை விளிம்பிலும் வைத்துப் பிடியுங்கள். இரு முகத்திலும் விரல் படக் கூடாது.
5. கீழே வைக்காதீர்கள். கையிலிருந்து பிளேயர், பிளேயரிலிருந்து உறை. இடையில் 'கொஞ்ச நேரம்' சோபாவில் வைத்த தட்டின்மேல்தான் பிள்ளைகள் உட்காருவார்கள்.

உறையோடு ஒட்டிக்கொண்ட தட்டு

ஆல்பம் மாதிரி புரட்டும் பிளாஸ்டிக் பையில் பத்துப் பதினைந்து வருடம் கிடந்த தட்டு, ஈரத்தில் பையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அவசரப்பட்டு இழுத்தால் பெயர்ப்பக்கத்து மை பையோடு போகும். மையோடு எழுத்தும் போகும்.

1. தட்டிலிருந்து விலகி, பையின் மூன்று ஓரங்களையும் கத்தரியால் வெட்டுங்கள்.
2. வெட்டிய பையோடு அப்படியே, சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் நான்கைந்து நாள் மூடி வையுங்கள்.
3. பிறகு தட்டைச் சமதளத்தில் வைத்து, பையின் ஒரு மூலையைத் தட்டோடு ஒட்டினாற்போல் மடக்கி, மெதுவாகப் பின்னோக்கி உரியுங்கள். மேல்நோக்கி இழுக்காதீர்கள்.
4. மை பெயரத் தொடங்கினால் நிறுத்துங்கள். அடிப்பக்கத்துப் பையை மட்டும் எடுத்துவிட்டு, மேல்பக்கத்துப் பிளாஸ்டிக்கை அப்படியே விட்டு, தட்டைப் பிளேயரில் போடாமல் தொழில்முறை மீட்பாளரிடம் கொண்டுபோங்கள்.

இரண்டு தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தாலும் கத்திமுனையைச் சொருகி நெம்ப வேண்டாம். உலர்த்தி, முறுக்காமல் பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள்.

வெளிச்சத்தில் பார்ப்பது

டியூப்லைட்டின் கீழே தட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். பிறகு விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். கண்ணில் படுவதை வைத்து முடிவு செய்யலாம்:

– விரல்தடம், தூசு: கவலை இல்லை. ஊதிவிட்டு ஓட்டலாம்.
– எண்ணெய்ப் பிசுக்கு, மங்கிய படலம்: சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்த தட்டுகளில் இது நிச்சயம் இருக்கும். சாம்பிராணிப் புகையும் விளக்கெண்ணெய்ப் புகையும் படிந்து, அதன்மேல் தூசு ஒட்டியிருக்கும். முதலில் ஓட்டிப் பாருங்கள், ஓடாவிட்டால் துடையுங்கள்.
– வெளிச்சத்தில் ஊசித்துளைபோலப் புள்ளிகள்: மேல்பூச்சு உதிர்ந்துவிட்டது. அங்கே இருந்த எழுத்து போய்விட்டது. மிச்சத்தை உடனே நகலெடுங்கள்.
– விளிம்பிலிருந்து உள்நோக்கி வேர்போலப் பரவும் கறை: பூசணம். அந்தத் தட்டைத் தனி உறையில் பிரித்து வையுங்கள். மூக்கை மூடித் துணி கட்டிக்கொண்டு கையாளுங்கள். நகலெடுக்கும் வரிசையில் இதற்குத்தான் முதலிடம்.
– நடுத்துளையைச் சுற்றி வெடிப்பு: நிறுத்துங்கள். எந்த டிரைவிலும் போடாதீர்கள். ஏன் என்பது அடுத்த பகுதியில்.

எச்சரிக்கை: வெடித்த தட்டும் லேசர் கதிரும்

கணினியின் 52 மடங்கு வேக டிரைவ், சிடியை நிமிடத்துக்குச் சுமார் 10,000 சுற்று சுழற்றும். வெடிப்புள்ள தட்டு அந்த வேகத்தில் உள்ளேயே சிதறும். டிரைவ் போவது ஒருபுறம். முன்மூடியைத் தள்ளிக்கொண்டு கூரான துண்டுகள் வெளியே பாய்ந்து முகத்தில் படலாம். வெடித்த தட்டை டேப் போட்டு ஒட்டி ஓட்டுவது அதைவிட ஆபத்து. டேப் எடையைச் சமனற்றதாக்கிவிடும்.

பிளேயரின் மேல்மூடியைக் கழற்றி ஓடவிட்டு, 'கண்ணாடி எரியுதா' என்று குனிந்து பார்க்காதீர்கள். சிடி படிக்கும் லேசரின் அலைநீளம் 780 நானோமீட்டர். அது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் இமையும் மூடாது.

தட்டு உள்ளே மாட்டிக்கொண்டால்:

1. மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்குங்கள்.
2. ஒரு நிமிடமாவது பொறுங்கள், சுழற்சி நிற்கட்டும்.
3. கணினி டிரைவின் முகப்பில் சின்னத் துளை இருக்கும். நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை அதில் நேராகச் சொருகி அழுத்தினால் தட்டம் கொஞ்சம் வெளியே வரும். மீதியைக் கையால் மெதுவாக இழுக்கலாம்.

ஓட்டிப் பார்ப்பதும் நோய் கண்டறிவதும்

தட்டு உள்வட்டத்திலிருந்து வெளிவட்டம் நோக்கிப் படிக்கப்படுகிறது. இது தெரிந்தால் கோளாறு எங்கே என்று ஊகித்துவிடலாம். டிரைவ் தட்டையே அடையாளம் காணவில்லை என்றால் நடுத்துளைக்கு அருகே அழுக்கோ சேதமோ இருக்கும். பொருளடக்கம் அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது. தாலி கட்டும்வரை நன்றாக ஓடி, பந்தி பரிமாறும்போது உறைந்தால் விளிம்புப் பக்கம் பாருங்கள். கல்யாண விசிடிகள் எப்போதும் கடைசி பத்து நிமிடத்தில் நிற்பதற்கு, விரலும் பூசணமும் விளிம்பில்தான் படுகின்றன என்பதே காரணம்.

ஒரு டிரைவ் மறுத்த தட்டை இன்னொன்று படிக்கும். இது மூடநம்பிக்கை அல்ல. லேசரின் பலமும் திருத்தும் திறனும் டிரைவுக்கு டிரைவ் மாறும். கெட்டுவிட்டது என்று முடிவுகட்டும் முன் இரண்டு மூன்று டிரைவில் போட்டுப் பாருங்கள். பழைய கணினி வைத்திருக்கும் உறவினர் வீடு கெமாஸிலோ கெமெஞ்சேயிலோ இருந்தால் அது இப்போது பயன்படும்.

நகலெடுப்பது

தேவையானவை: யூஎஸ்பி வழியாக இணையும் டிவிடி டிரைவ், கணினி, ஒரு வெளி ஹார்ட் டிஸ்க், இலவசமாகக் கிடைக்கும் விஎல்சி பிளேயர். இடத்தைக் கணக்கிட: சிடி ஒன்று 700 எம்பி வரை, டிவிடி ஒன்று 4.7 ஜிபி வரை, இரட்டை அடுக்கு டிவிடி 8.5 ஜிபி வரை.

1. குளிரூட்டிய காரிலிருந்தோ அறையிலிருந்தோ கொண்டுவந்த தட்டை உறையிலேயே அரைமணி நேரம் விடுங்கள். உடனே திறந்தால் தட்டின்மேல் நீர் பூக்கும்.

2. படங்கள் மட்டும் உள்ள சிடி என்றால், உள்ளே தெரியும் கோப்புறைகளை அப்படியே முழுவதுமாக நகலெடுங்கள். படங்களைத் தேர்ந்தெடுப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

3. விசிடி என்றால் 'எம்பெக்ஏவி' என்ற கோப்புறை இருக்கும். அதனுள் பெரிய '.டேட்' கோப்புகள் இருக்கும். அவற்றை நகலெடுத்து விஎல்சியில் திறந்தால் ஓடும். விசிடி ஒன்றில் 74 முதல் 80 நிமிடம்தான் அடங்கும். தமிழ்ப்படம் இரண்டு மூன்று தட்டாக வந்ததும், கல்யாணம் 'பார்ட் 1, பார்ட் 2' ஆனதும் அதனால்தான். முதல் தட்டை நகலெடுத்த திருப்தியில் இரண்டாவதை மறந்துவிடாதீர்கள்.

4. டிவிடி என்றால் 'வீடியோ டிஎஸ்' கோப்புறையை முழுசாக எடுங்கள். உள்ளே இருக்கும் பெரிய கோப்புகளை மட்டும் எடுத்தால் வரிசையும் பட்டியலும் கெடும்.

5. பாட்டு சிடியிலும் பேட்டி சிடியிலும் ஒரு பொறி இருக்கிறது. விண்டோஸில் திறந்தால் 'டிராக் 01.சிடிஏ' என்று கோப்புகள் தெரியும். பலர் அதை இழுத்துப் போட்டு, வேலை முடிந்தது என்று தட்டைத் தூக்கிப்போட்டுவிடுகிறார்கள். அந்தக் கோப்பு 44 பைட்தான். 'பாட்டு தட்டில் இந்த இடத்தில் இருக்கிறது' என்ற குறிப்பைத் தவிர அதில் எதுவும் இல்லை. ஒலியை எடுக்க 'ரிப்' செய்ய வேண்டும். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற இலவச மென்பொருள் இதற்கு நல்லது. பிழை வந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். பாட்டனார் குரலை எம்பி3 ஆக்காதீர்கள். 'வேவ்' அல்லது 'ஃபிளாக்' வடிவில் வையுங்கள்.

6. நடுவில் பிழை காட்டி நின்றால் திரும்பத் திரும்ப அதே பொத்தானை அழுத்தாதீர்கள். விண்டோஸில் ஐசோபஸ்டர், லினக்ஸில் டிடிரெஸ்க்யூ போன்றவை தட்டு முழுவதையும் ஒரே 'இமேஜ்' கோப்பாக எடுக்கும். டிடிரெஸ்க்யூ முதலில் சுலபமாகப் படிக்க முடிந்ததை எல்லாம் எடுத்துவிட்டு, பிறகுதான் கெட்ட இடங்களுக்குத் திரும்பும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று ஒரு வரைபடக் கோப்பும் எழுதி வைக்கும். அதே கோப்பை வைத்துக்கொண்டு மறுநாள் வேறொரு டிரைவில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரு டிரைவ் எடுக்காததை இன்னொன்று எடுத்து நிரப்பும். பாட்டு சிடிக்கும் விசிடிக்கும் டிடிரெஸ்க்யூ சரிவராது. அவற்றுக்கு ஐசோபஸ்டரைப் பயன்படுத்துங்கள்.

7. நகலின் தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். கோப்பு இருக்கிறது என்பதும் கோப்பு ஓடுகிறது என்பதும் வேறு வேறு.

8. பெயரிடுங்கள்: '2004 – அக்கா கல்யாணம் – தோட்டத்துக் கோவில் – தட்டு 1'. 'நியூ போல்டர் 3' என்று விட்டால் ஐந்து வருடம் கழித்து யாருக்கும் தெரியாது. படத்தில் இருப்பவர்களின் பெயர் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஒரு தாளில் எழுதி அதே கோப்புறையில் போடுங்கள்.

9. நகல் இரண்டு வேண்டும்; இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. ஒன்று தம்பினில், இன்னொன்று சிரம்பானிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகனிடமோ மகளிடமோ. பென்டிரைவை ஒருவருக்குக் கொடுத்தனுப்பப் பயன்படுத்துங்கள்; நிரந்தரச் சேமிப்புக்கு அதை நம்பாதீர்கள்.

குறிப்பு: வீடியோ கேமராவில் நேரடியாகப் பதிந்த 8 செ.மீ. சின்னத் தட்டுகள் சில வீடுகளில் இருக்கும். வாய்போன்ற பிளவில் தட்டை விழுங்கும் டிரைவில் அவற்றைப் போடாதீர்கள், திரும்பி வராது. தட்டம் நீளும் டிரைவில், நடுவில் உள்ள சின்னப் பள்ளத்தில் வைக்க வேண்டும். கணினி அதைக் காலித் தட்டு என்று சொன்னால், பதிந்த அதே கேமராவில் 'பைனலைஸ்' செய்யாமல் விட்டிருப்பார்கள். கேமரா இன்னும் வேலை செய்தால் அதில் போட்டு அந்த வேலையை முடித்துவிட்டு வாருங்கள். காலித் தட்டு என்று நினைத்து அதன்மேல் எழுதிவிட வேண்டாம்.

துடைப்பது, வேறு வழியில்லாதபோது

தேவையானவை: கண்ணாடி துடைக்கும் நுண்ணிழைத் துணி (புதியது, ஒரு முறை வெறும் நீரில் அலசி உலர்த்தியது), ரப்பர் பந்து ஊதி, காய்ச்சி வடித்த குடிநீர், மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹால்.

காய்ச்சி வடித்த நீருக்காகக் கார் பட்டறைக்குப் போக வேண்டாம். பேட்டரிக்கு என்று விற்கும் போத்தல்களில் அமிலம் உள்ளதும் உண்டு, ஒன்றுபோலவே இருக்கும்.

1. ரப்பர் ஊதியால் தூசை ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் துளி விழும்.
2. துணியின் ஒரு மூலையை நீரில் நனைத்துப் பிழியுங்கள். நீரைத் தட்டின்மேல் ஊற்றாதீர்கள்.
3. தட்டை விளிம்பில் பிடித்துக்கொண்டு, நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் ஒரே இழுப்பு. துணியைத் தூக்குங்கள். துணியின் வேறு பகுதியால் அடுத்த இழுப்பு. இப்படியே சுற்றி வாருங்கள்.
4. பிசுக்கு போகவில்லை என்றால் நீருக்குப் பதில் ஆல்கஹாலில் நனைத்த துணி, அதே முறை, அடிப்பக்கம் மட்டும். பெயர்ப்பக்கத்தில் ஆல்கஹால் பட்டால் மை கரையும்.
5. உலர்ந்த பகுதியால் ஒரு முறை நேர்கோட்டில் ஒற்றி, ஐந்து நிமிடம் விட்டு ஓட்டுங்கள்.

வட்டமாக ஏன் துடைக்கக் கூடாது? எழுத்து வட்டப்பாதையில் ஓடுகிறது. குறுக்கே விழும் கீறல், ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சம்தான் மறைக்கும். பாட்டு சிடியில் பாதையின் போக்கில் ஏறக்குறைய 2.5 மி.மீ. வரை மறைந்தாலும் பிளேயர் கணக்குப் போட்டு நிரப்பிவிடும். பாதையோடு சேர்ந்து வளைந்து போகும் கீறல் அந்த அளவைத் தாண்டிவிடும்.

எச்சரிக்கை: ஆல்கஹால் தீப்பிடிக்கும். சாமி விளக்கோ ஊதுபத்தியோ கொசுவத்தியோ எரியும் அறையில் போத்தலைத் திறக்காதீர்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

தொடவே கூடாதவை: நகப்பூச்சு அழிப்பான், தின்னர், மண்ணெண்ணெய், பெட்ரோல், குளோராக்ஸ், ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கும் நீலத் திரவம். அந்த நீலத் திரவங்கள் சிலவற்றில் அமோனியா இருக்கும். பால் உறையாமலிருக்க வாளியில் ஊற்றிய அதே நெடி. பாலிகார்பனேட்டுக்கு அது ஆகாது.

பற்பசை போட்டுத் தேய்த்தால் கீறல் போகும் என்பார்கள். பற்பசையில் மெருகேற்றும் தூள் இருப்பது உண்மை. கீறல் மங்கித் தட்டு ஓடுவதும் உண்டு. ஆனால் அது ஒரு கீறலைப் போக்க நூறு நுண்கீறல் போடும் வேலை. ரஜினி படத்தில் சோதித்துப் பார்க்கலாம். அக்கா கல்யாணத்தில் வேண்டாம். அடிப்பக்கத்தில் ஆழமான கீறல் உள்ள சிடியையோ டிவிடியையோ மெருகேற்றும் இயந்திரம் வைத்திருக்கும் கடையில் கொடுங்கள். முதலில் வேறு ஒரு தட்டைக் கொடுத்து வேலையைப் பாருங்கள்.

வெள்ளம் புகுந்துவிட்டால்

சேறு காய்ந்தால் அது மணல்தாள். எனவே காயவிடாதீர்கள். உறையிலிருந்து எடுத்து, உள்ளிருக்கும் காகிதத்தைப் பிரித்து, தட்டை வாளிச் சுத்தநீரில் மூழ்கவைத்து அசைத்து அசைத்துச் சேற்றைக் கரைய விடுங்கள். தேய்க்க வேண்டாம். நீரை இரண்டு முறை மாற்றி, கடைசியாகக் காய்ச்சி வடித்த நீரில் அலசி, பாத்திரத் தாங்கியில் செங்குத்தாக நிறுத்தி நிழலில் உலர்த்துங்கள். ஹேர் டிரையர் கூடாது, வெயில் கூடாது. உலர்ந்த அன்றே நகலெடுங்கள். விளிம்பில் புகுந்த ஈரம் தன் வேலையைத் தொடங்கியிருக்கும்.

எழுதுவதும் ஒட்டுவதும்

பால்பாயிண்ட் பேனா சிடிக்கு எதிரி. மேல்பக்கத்தில் அழுத்தி எழுதினால் எழுத்தின்மேலேயே கோடு விழும். தட்டுக்கென்று விற்கும் மென்முனை மார்க்கர், அதுவும் நீர் சார்ந்த மை. இன்னும் பத்திரமான இடம், நடுத்துளையைச் சுற்றியுள்ள ஒளிபுகும் வளையம். அங்கே ஓர் எண் மட்டும் எழுதி, விவரத்தை நோட்டில் எழுதுங்கள்.

ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். ஏற்கெனவே மாப்பிள்ளை பெண் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், அதைப் பிரிக்கவும் செய்யாதீர்கள். பசையோடு வெள்ளிப்பூச்சும் உரிந்து வரும். ஓரம் தூக்கிக்கொண்டிருந்தால் டிரைவில் போடும் முன் விரலால் மெல்ல அழுத்திவிடுங்கள். பாதி கிழிந்து தொங்கினால் டிரைவில் போடாதீர்கள்.

வைப்பது

1. தட்டுக்கு ஒரு கெட்டி உறை. பிளாஸ்டிக் ஆல்பம் வேண்டாம். குச்சியில் கோத்த கேக் டப்பாவும் நீண்டநாளுக்கு ஆகாது.
2. உறைகளைப் புத்தகம்போலச் செங்குத்தாக நிறுத்துங்கள். அடுக்கிப் படுக்க வைத்தால் அடியில் உள்ளது காலப்போக்கில் வளையும்.
3. ரப்பர் வளையம் உள்ள மூடிப் பெட்டி வாங்குங்கள். 10 லிட்டர் பெட்டிக்கு 100 கிராம் சிலிக்கா ஜெல்லில் தொடங்கி, உள்ளே ஒரு சின்ன ஈரமானி வையுங்கள். முள் 40-க்கும் 50-க்கும் இடையில் நின்றால் சரி. ஆரஞ்சு நிற ஜெல்லை வாங்குங்கள். நீல நிறத்தில் கோபால்ட் குளோரைடு இருக்கும், பிள்ளைகள் கைக்கு எட்டினால் ஆபத்து.
4. பெட்டியை மழை பெய்து ஓய்ந்த மாலையில் மூடாதீர்கள். வெயில் நன்றாக அடித்த பிற்பகலில் மூடினால் உள்ளே அடைபடும் காற்றில் ஈரம் குறைவு.
5. படுக்கையறை அலமாரியின் நடுத்தட்டு நல்ல இடம். குளிர்சாதனப்பெட்டியின் மேல், ஆஸ்ட்ரோ டிகோடரின் மேல், குளியலறைச் சுவரை ஒட்டி, சாமி மேடைக்குக் கீழே, கார் டாஷ்போர்டில் வைக்கவே கூடாது.
6. அந்துருண்டை போடாதீர்கள். அரிசி போட்டு ஈரத்தை உறிஞ்சவைக்கும் யோசனையும் வேண்டாம். தவிடும் வண்டும்தான் மிச்சம். கறையானும் கரப்பானும் உறைக்காகிதத்தைத் தேடி வரும், அதனால் காகிதத்தைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள்.
7. வீட்டில் எழுதிய தட்டில் இருப்பது சாயம். நேர் வெயிலில் சில வாரம் கிடந்தாலே அது வெளிறிவிடும்.

காந்தம், ஸ்பீக்கர், விமான நிலைய எக்ஸ்ரே ஆகியவற்றால் தட்டுக்கு எதுவும் ஆகாது. இந்தப் பயத்தை விட்டுவிடலாம்.

இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பெட்டியைத் திறந்து, ஐந்தாறு தட்டை ஓட்டிப் பாருங்கள். 'நூறு வருட உத்தரவாதம்' என்று உறையில் அச்சிட்டிருப்பது குளிர்ந்த, உலர்ந்த அறைக்குச் சொன்னது. ஒரு தட்டு தடுமாறினால் அதே பிராண்டு, அதே வருடத்துத் தட்டுகள் எல்லாவற்றையும் அன்றே சோதியுங்கள்.

கழிக்க வேண்டியவை

நகல் சரியாக ஓடினாலும் முதல் குவியலின் தட்டுகளைக் கழிக்க வேண்டாம். பெட்டியில் இடம் இருக்கிறது. கழிப்பது இரண்டாம் குவியலில் கெட்டவற்றை மட்டும்.

வீட்டுப் பின்புறம் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தும் பழக்கம் இன்னும் போகவில்லை. தட்டைக் கொளுத்தாதீர்கள், பிளாஸ்டிக்கும் சாயமும் எரிந்த புகை வீட்டுக்குள்தான் வரும். கையால் முறிக்கவும் கூடாது. கண்ணாடிச் சில்லுபோலத் தெறிக்கும். சொந்த விவரம் உள்ள தட்டு என்றால், கண்ணாடி அணிந்து, பழைய துணியில் சுற்றி, துணியோடு சேர்த்துக் கெட்டிக் கத்தரியால் வெட்டி, மின்னணுக் கழிவோடு கொடுங்கள். படத்தட்டுகளை வெட்டத் தேவையில்லை. கீரைப் பாத்தியில் குருவி விரட்டக் கட்டித் தொங்கவிடலாம். கட்டும் முன் ஒவ்வொன்றின் நடுவளையத்தையும் ஒரு முறை பாருங்கள், எண் எழுதிய தட்டு ஏதும் அதில் கலந்திருக்கக் கூடாது.